பொன்னியின் செல்வனுக்குப் பிறகு என்ன படிக்கலாம்?

மணிரத்னத்தின் இரண்டு படங்களும் 2022-லும் 2023-லும் வந்த பிறகு, பொன்னியின் செல்வனை முதன்முறையாகக் கையில் எடுத்தவர்கள் ஏராளம். ஐந்து பாகங்களையும் முடித்த கையோடு அவர்கள் கேட்பது ஒன்றுதான்: அடுத்து என்ன? வழக்கமாகக் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான். சிவகாமியின் சபதம், கடல்புறா, யவன ராணி, வேங்கையின் மைந்தன். மோசமான பட்டியல் இல்லை. சாண்டில்யனின் கடற்போர்களைப் பதினைந்து வயதில் படித்தவர்கள் அந்த உப்புக்காற்றை எளிதில் மறப்பதில்லை. அகிலனின் வேங்கையின் மைந்தன் 1963-இல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கியது. ஆனால் இந்தப் பட்டியல் வாசகரை அதே அரண்மனை வாசலில்தான் மறுபடியும் கொண்டுபோய் நிறுத்துகிறது. கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் தமிழ்ச் சரித்திர நாவல் அந்த வாசலைவிட்டு வெகுதூரம் நடந்துவிட்டது என்ற செய்தி பலரை எட்டவேயில்லை.

எந்தச் சரித்திர நாவலைப் பரிந்துரைப்பதற்கு முன்பும் நான் பார்ப்பது ஒரு விஷயத்தை. எழுதியவர் கையில் என்ன சான்று இருந்தது? கல்வெட்டா, நாட்குறிப்பா, பாட்டி சொன்ன கதையா, போலீஸ் கோப்பா? சான்றின் குணம் நாவலின் எலும்புவரை இறங்கிவிடுகிறது. எந்த நூற்றாண்டு, எந்த வம்சம் என்பதைவிட இதுவே நாவலின் சுவையைத் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம்.

கல்கியையே எடுத்துக்கொள்வோம். பொன்னியின் செல்வனின் மையத்தில் இருப்பது ஆதித்த கரிகாலனின் கொலை. அதற்குக் கிடைத்த முக்கியமான சான்று, காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்களைச் சொல்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. அவர்களுடைய உறவுக்காரர்களின் சொத்து என்ன ஆயிற்று என்பதில் முழுக்கவனத்தையும் வைக்கிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள், எந்த இரவில், எந்த அறையில் என்பது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நிலம் கைமாறியதைப் பதிவுசெய்யக் கல் தச்சனுக்குக் கூலி கொடுத்தவர்களுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

அந்த மௌனத்துக்குள்தான் கல்கி நந்தினியைக் குடியேற்றினார். 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடர்கதையாக எழுதியவருக்கு அது பெரிய வசதி. கல்வெட்டு பெயரையும் பட்டத்தையும் தானத்தையும் தரும், மனசைத் தராது. அந்த இடைவெளியைக் காதல், சதி, மாறுவேடம், சுரங்கப்பாதை இவற்றால் நிரப்பியாக வேண்டும். கல்கிக்குப் பிறகு வந்தவர்கள் பலர் நிரப்பியதை மட்டும் பின்பற்றினார்கள். அடியில் இருந்த கல்லைத் தொடவில்லை. அதனால்தான் பல பிற்காலச் சோழ நாவல்களில் மன்னர் பெயரை மாற்றிவிட்டாலும் கதை அப்படியே ஓடும்.

கல்வெட்டை வேறு மாதிரியும் படிக்கலாம் என்று காட்டியவர் பாலகுமாரன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை, எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்ற விவரத்தோடு தருகிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். இசைக்காரர்கள், கணக்கர்கள், நாவிதர், தையற்காரர் என்று பட்டியல் நீள்கிறது. உடையார் நாவலின் ஆறு பாகங்களும் இந்தப் பட்டியலிலிருந்து கிளம்பியவை என்று சொல்லத் தோன்றுகிறது. கல் எப்படி வந்தது, யார் இழுத்தார்கள், இழுத்தவனுக்கு யார் சோறு போட்டார்கள் என்று கேட்கும் பக்கங்கள் அதன் பலம். ஆன்மிக உரைகள் அதன் பாரம். பாதியாகச் சுருக்கியிருந்தால் இன்னும் நல்ல நாவலாகியிருக்கும். ஆனாலும் கல்கியிலிருந்து வெளியே வர நினைக்கும் வாசகருக்கு, தெரிந்த ஊரிலேயே வேறு தெருவில் நடப்பது போன்ற முதல் அடி அது.

இங்கே ஒரு சின்னத் தகவல். தமிழின் முதல் சரித்திர நாவலாகச் சொல்லப்படுவது சோழர் கதை இல்லை. திருகோணமலையைச் சேர்ந்த தி.த. சரவணமுத்துப் பிள்ளை எழுதி 1895-இல் வெளிவந்த மோகனாங்கி அது. களம் நாயக்கர் காலம். சோழர்கள் பிறகுதான் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கல்வெட்டுப் படிப்பு முதிர்ந்து, நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1930-களில் வெளிவந்ததும், தமிழ்ப் பெருமை அரசியலாகத் திரண்டதும் ஒரே காலத்தில் நடந்தவை. கல்கிக்கு மண் பதமாகவே இருந்தது.

கல்லிலிருந்து காகிதத்துக்கு வந்தால் முதலில் நிற்பவர் பிரபஞ்சன். அவருடைய மானுடம் வெல்லும், வானம் வசப்படும் இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக உயர்ந்த பிள்ளை, 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் சாகும்வரை எழுதினார். அவர் இறந்த சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்தக் காகிதங்கள் வெகுகாலம் கேட்பாரற்றுக் கிடந்து, 1846-இல் கலுவா மோம்பிரேன் என்பவர் கண்ணில் பட்டன. பிறகு சென்னை அரசு ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது.

அந்த நாட்குறிப்பில் என்ன இல்லை? எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் யாருக்கு என்ன வெகுமதி, கிரகம் எப்படி, கவர்னர் இன்றைக்குச் சிரித்தாரா முறைத்தாரா. பிள்ளைக்கும் கவர்னர் துய்ப்ளேயின் மனைவிக்கும் இருந்த பகை பக்கத்துக்குப் பக்கம் கசியும். 1748-இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஊர்ப் பெரியவர்கள் என்ன பேசினார்கள், எப்படி ஒன்றும் செய்ய முடியாமல் நின்றார்கள் என்பதும் அதில் இருக்கிறது. கல்வெட்டில் நாம் தேடி அலைந்த மனசு இங்கே கைநிறையக் கிடைக்கிறது. ஆனால் அது ஒரு துபாஷியின் மனசு. பெரிய மனிதர், பெரிய சாதி, பெரிய பணம். அவர் கண்ணுக்குத் தெரியாதவர்கள் நாட்குறிப்பில் வாசல்வரை வந்து போய்விடுவார்கள்.

பிரபஞ்சனின் திறமை அந்த வாசலில் வேலைசெய்கிறது. மானுடம் வெல்லும் நாவலில் துய்மா கவர்னராக இருந்த காலத்துப் புதுச்சேரியில் தாசியும் திருடனும் அடிமையும் கூலிக்காரனும் கதைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். மனிதர்களைக் கப்பலேற்றி விற்ற வியாபாரம் ஊரின் அன்றாடமாகவே நடக்கிறது. பிள்ளைவாளின் மொழிச்சாயலை எடுத்துக்கொண்டு, பார்வையை மட்டும் பிடுங்கி வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார் ஆசிரியர். 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது வானம் வசப்படும். எனக்கோ மானுடம் வெல்லும் ஒரு படி மேல். முன்னதில் நாட்குறிப்பின் நிகழ்ச்சிகள் நாவலை இழுத்துக்கொண்டு போகின்றன. பின்னதில் நாவலாசிரியர் நாட்குறிப்பை இழுக்கிறார்.

காகிதமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? கி. ராஜநாராயணன் 1976-இல் வெளிவந்த கோபல்ல கிராமத்தில் விடை சொன்னார். தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய ஒரு கூட்டத்தின் கதை. சொல்பவர் மங்கத்தாயார் அம்மாள்; வயது நூற்றுமுப்பத்தேழு. அந்த வயதைச் சொன்னவுடனேயே ஆசிரியர் நம்மிடம் ஒரு ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்: இங்கே தேதி கேட்காதே. அதே சமயம் காட்டை எப்படித் தீ வைத்து அழித்தார்கள், தீவட்டிக் கொள்ளைக்காரர்களை எப்படி எதிர்கொண்டார்கள், தானியத்தை எங்கே ஒளித்தார்கள் என்பதெல்லாம் துல்லியமாக இருக்கும். வாய்மொழி வரலாறு தேதியை மறக்கும், செய்முறையை மறக்காது.

அந்த நாவலில் ஒரு தண்டனை வருகிறது. காது நகைக்காக ஒரு பெண்ணைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றவனைக் கழுவேற்றுகிறார்கள். கி.ரா. அதைக் கண்டிக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. ஊர் கூடிப் பார்க்கிறது, அவனிடம் பேச்சுக் கொடுக்கிறது. படிக்கும் நமக்குத்தான் இருப்புக்கொள்ளாது. பழைய காலத்து மனிதர்கள் நம்மைப் போலவே யோசித்தார்கள், உடை மட்டும் வேறு என்ற நினைப்போடு எழுதப்படும் சரித்திர நாவல்கள் அதிகம். அவற்றில் பத்தாம் நூற்றாண்டு இளவரசி பெண்ணுரிமை பேசுவாள். படைத்தளபதி ஜனநாயகவாதியாக இருப்பான். கோபல்ல கிராமம் அந்தச் சலுகையை நமக்குத் தருவதில்லை. நூற்றுச் சொச்சம் பக்கங்களில் இதைச் செய்துவிட்டது என்பதால், தமிழில் ஒரே ஒரு சரித்திர நாவல் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் தயங்காமல் எடுத்துக் கொடுப்பது இதைத்தான்.

சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் இரண்டு சான்றுகளையும் ஒரே உலையில் போட்டது. 2008-இல் வந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல், 2011-க்கான சாகித்திய அகாதெமி விருது. மதுரையின் பதினான்காம் நூற்றாண்டு வீழ்ச்சியிலிருந்து இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கம்வரை நீளும் காலம். தாதனூர் என்ற கற்பனைக் கிராமம்; களவும் காவலும் ஒரே குடும்பத்தின் இரண்டு கைகள். பகலில் வெள்ளைக்காரனின் அறிக்கை, இரவில் கிழவனின் கதை என்று மாறி மாறி வரும் நாவல் இது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து நகரை விரித்தது வரலாறு. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று அந்த வேலை பார்த்தவர்களின் பெயர்களை ஊர் இன்றும் சுமக்கிறது. வெங்கடேசன் அதே சம்பவத்தைக் காவல் தெய்வங்கள் கோட்டையைவிட்டு இறங்கிப் போவதாக எழுதும் பக்கங்கள் தமிழ் உரைநடையின் உச்சங்களில் ஒன்று. கலெக்டர் கோப்பில் செலவுக் கணக்காக இருந்தது, இங்கே ஒரு ஊரின் சாமியாட்டமாகிறது.

குறை சொல்லாமல் போக முடியாது. நாயக்கர் ஆட்சியை வேகமாகச் சொல்லித் தீர்க்கும் முற்பகுதிப் பக்கங்களில் பாடப்புத்தக வாசனை. பிற்பகுதியில் ஆவணங்கள் நேராக வந்து பேச ஆரம்பிக்கும்போது கதாபாத்திரங்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். ஆனால் இரவுக் களவுக்குப் போகும் அத்தியாயங்களில், சுவரில் கன்னம் வைப்பதிலிருந்து நாயை அடக்குவதுவரை வரும் விவரங்களுக்காகவே இந்தக் கனத்தைத் தூக்கலாம். வசந்தபாலனின் அரவான் படம் இதிலிருந்து ஒரு சிறு கிளையை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் பார்த்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் எப்படி ஒரு சமூகத்தின் கைரேகையை எடுத்தது, 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு எதனால் நடந்தது என்று தேடிப் படிக்கிறவருக்கு நாவல் இன்னும் திறக்கும்.

தெற்கே இன்னொரு பெரும் புத்தகம், பூமணியின் அஞ்ஞாடி. 1895-இல் கழுகுமலையிலும் 1899-இல் சிவகாசியிலும் நடந்த கலவரங்கள் அதன் கொதிநிலை. கோயில் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்ற கேள்வி கொலையிலும் கொள்ளையிலும் வழக்கிலும் முடிந்த காலம். 2014-க்கான விருது இதற்குக் கிடைத்தது. பூமணி எதையும் விளக்குவதில்லை. வட்டார மொழியில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். முதல் நூறு பக்கம் யார் யாருக்கு என்ன முறை என்றே பிடிபடாது. பொறுத்துக்கொண்டால், கலவரம் வரும்போது வெட்டுப்படுகிறவர்களும் வெட்டுகிறவர்களும் நமக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்களாக இருப்பார்கள். வழக்குக் காகிதங்களைப் படித்து எழுதும் நாவல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் ஆபத்து உண்டு. இங்கே அது நேரவில்லை.

சென்னைக்கு வந்தால் இரண்டு. எஸ். ராமகிருஷ்ணனின் யாமம் கம்பெனிக் காலத்துச் சென்னையில் அத்தர் காய்ச்சும் அப்துல் கரீமையும், லாம்டனின் நில அளவைக் குழுவில் வேலை பார்க்கும் பத்ரகிரியையும், நாய் போகிற வழியில் பின்னால் போகும் சதாசிவப் பண்டாரத்தையும் ஒன்றுக்கொன்று தொடாமல் நடத்திச் செல்கிறது. வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்தது 1802 ஏப்ரலில். இந்தியாவையே சங்கிலி போட்டு அளந்த அந்த வேலை அங்கேதான் தொடங்கியது. அளக்கக்கூடிய நிலமும் அளக்க முடியாத வாசனையும் என்று நாவல் தானாகவே இரண்டாகப் பிரிகிறது. வரைபடம்தான் இங்கே சான்று. சான்றோடு சண்டை போடும் நாவல் என்றும் இதைச் சொல்லலாம். நிகழ்ச்சிகளைத் தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள்.

ஜெயமோகனின் வெள்ளை யானை நேர் எதிர்த் திசை. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியா உள்ளிட்ட பகுதிகளில் செத்தவர்கள் 55 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு அந்தப் பசித்த கைகள் வெட்டியது. அதே சென்னையில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ். ஐரிஷ்காரனான ஏய்டன் என்ற ராணுவ அதிகாரி இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறான். பஞ்ச அறிக்கைகளின் எண்களை உடம்புகளாக மாற்றும் பக்கங்களைப் படித்த இரவில் சோறு இறங்காது. உரையாடல்கள் சில இடங்களில் கட்டுரையாகிவிடுகின்றன என்பது உண்மை. ஐஸ் ஹவுஸ் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை நாவல் காட்டுகிறபடியே வரலாறாக எடுத்துக்கொள்ளாமல், நாவலாக எடுத்துக்கொள்வது நல்லது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியின் தோணித் தொழிலைப் பிடித்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டு முழுக்கப் பயணம் செய்யும் ஜோ டி குருஸின் கொற்கை; பாத்திரங்கள் அதிகம், குறிப்பு எடுத்துக்கொண்டு படிக்கலாம். தோட்டத் தொழிலாளர்களின் வாக்குமூலங்களைக் கேட்ட மருத்துவர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய எரியும் பனிக்காடு. வால்பாறைத் தேயிலைக்கு அடியில் யார் கிடக்கிறார்கள் என்று தெரியும். இரண்டாம் உலகப் போரின் மெடானும் பினாங்கும் வேண்டுமென்றால் ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. அவர் அங்கே இருந்தவர். சொந்த ஞாபகமே சான்று. கன்னிவாடிப் பாளையத்தில் நாவிதர்களின் மருத்துவத்தை மையமாக வைத்த இரா. முத்துநாகுவின் சுளுந்தீ சரளமான வாசிப்பு இல்லை. ஆனால் அந்த மருந்து அறிவு வேறெந்தத் தமிழ் நாவலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

சங்ககாலம் என்று கேட்பவர்களுக்கு வெங்கடேசனின் வேள்பாரி இருக்கிறது. ஆனந்த விகடனில் வந்தபோது ஊரே படித்தது. பறம்பு மலையின் செடிகொடிகளும் விலங்குகளும் அதில் அழகாக இருக்கின்றன. ஆனால் சான்று இங்கே புகழ்ப்பாட்டு. பாரியைப் பாடிய கபிலர் பாரியின் நண்பர். அந்தப் பாட்டிலிருந்து கிளம்பும் நாவலில் பாரி தப்பே செய்ய முடியாது. காவல் கோட்டத்தை எழுதிய அதே கை, சான்று மாறியதும் கல்கியின் பக்கம் திரும்பிவிட்டது. பதினைந்து வயது வாசகருக்கு நான் தயங்காமல் கொடுப்பேன். காவல் கோட்டம் படித்தவருக்குக் கொடுக்க மாட்டேன்.

இந்தப் பட்டியலில் பெண்கள் எழுதியது ஏதுமில்லை என்பதைப் பலரும் கவனித்திருப்பார்கள். ராஜம் கிருஷ்ணன் கோவா விடுதலையை வளைக்கரம் நாவலிலும், கீழத் தஞ்சையின் மணலூர் மணியம்மையைப் பாதையில் பதிந்த அடிகளிலும் எழுதினார். களத்துக்குப் போய், ஆட்களைக் கேட்டு எழுதும் அவர் முறை மேலே சொன்ன பல ஆண் எழுத்தாளர்களுக்கு முந்தியது. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட காலம் சமீபத்தியது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளை ஒரு பெண் எழுத்தாளர் தமிழில் முழுதாகக் கையிலெடுத்த பெரிய நாவலுக்கு இன்னும் இடம் காலியாகவே இருக்கிறது.

சான்றுக்குப் பஞ்சமில்லை. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்குவும் பின்னால் வந்தவர்களும் எழுதிய கடிதங்களும், உள்ளூர்க்காரர்களிடம் கேட்டு வாங்கிய பதில்களும் ஜெர்மனியின் ஹாலே நகரில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. தஞ்சை மராட்டியர் அரண்மனையின் அன்றாடக் கணக்குகள் மோடி என்னும் மராட்டி எழுத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. கணிசமான பகுதி தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு அச்சிலும் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் தொகுத்த தோம்புகள் என்னும் நிலப் பதிவேடுகளில் காணிக்காரர் பெயரும் பனை மரக் கணக்கும்கூட உண்டு. நேட்டாலுக்கும் மொரிஷியஸுக்கும் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளில் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் இருந்த தழும்புவரை குறித்திருக்கிறார்கள். சோழ இளவரசனுக்கு இன்னொரு தங்கையைக் கற்பனை செய்ய உட்காரும் எழுத்தாளர், அதற்கு முன்பு அந்தப் பதிவேட்டில் ஒரே ஒரு வரியை எடுத்துப் படித்துப் பார்க்கலாம்.